காயல் கொண்டுபோன கவிஞர்
மகாகவி குமாரன் ஆசானின் வாழ்க்கைக் கதை

கேரள நாட்டுக் காயலில் படகில் போவது ஒரு தனிச் சுகம். பக்கத்திலேயே அரபிக்கடல் கொந்தளித்துக் கொண்டிருக்கும். ஆனால் காயலில் அலை கிடையாது. குலுக்கல் கிடையாது. தொட்டிலில் படுத்திருப்பது போல இருக்கும். இரண்டு கரையிலும் தென்னை மரங்கள். மரத்தடியில் ஓலை வீடுகள். வீட்டு வாசலிலேயே தண்ணீர்த் துறை. பெண்கள் துறையில் பாத்திரம் துலக்குவார்கள். வாத்துக் கூட்டம் ஒன்று வழிவிட்டு ஒதுங்கும். படகு அவசரப்படாமல் போய்க்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட அமைதியான தண்ணீரில்தான், 1924-ம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ந் தேதி, மலையாள நாடு தன் பெரிய கவிஞர் ஒருவரைப் பறிகொடுத்தது. அவர் பெயர் குமாரன் ஆசான். அப்போது அவருக்கு வயது 50.

அவர் பிறந்தது காயல் கரையில். இறந்ததும் காயல் வழியில்தான்.

மணல் திட்டில் ஓர் ஊர்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் ஆறுகள் மேற்கே ஓடுகின்றன. கடலை நெருங்கும்போது, அலைகள் கொண்டுவந்து குவித்த மணல் மேடு குறுக்கே நிற்கிறது. ஆற்றுத் தண்ணீர் நேராகக் கடலில் விழ முடியாமல் மணல் மேட்டுக்கு உள்ளேயே பரந்து தேங்குகிறது. அதுதான் காயல். மழைக்காலத்தில் கடலில் ஒரு தோணிகூட இறங்க முடியாது. காயலிலோ அப்போதும் படகு போகும். மணல் மேடுதான் அதற்குக் கோட்டைச் சுவர்!

அப்படி ஒரு மணல் திட்டில் இருக்கிறது காயிக்கரை என்ற ஊர். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் அஞ்சுதெங்கு காயல். அஞ்சுதெங்கு என்றால் ஐந்து தென்னை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டை கட்டி மிளகு வாங்கிய இடம் அது. அந்தப் பக்கத்தில் திரிக்கும் தேங்காய் நார்க் கயிறு தூர தேசங்களுக்குக் கப்பல் ஏறிப் போனது.

காயிக்கரையில், 1873-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி குமாரன் பிறந்தார். தகப்பனார் நாராயணன் ஒரு வியாபாரி. மலையாளத்தோடு தமிழும் நன்றாகத் தெரிந்தவர். தாயார் புராணக் கதைகளில் ஈடுபாடு உள்ளவர். ஒன்பது குழந்தைகளில் குமாரன் இரண்டாவது மகன்.

அவர்கள் ஈழவர் ஜாதி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அந்த ஜாதியில் பிறந்தவன் எவ்வளவு படித்தாலும், எவ்வளவு பணம் சேர்த்தாலும், பெரிய கோவில்களுக்குள் போக முடியாது. கோவிலைச் சுற்றி உள்ள தெருவில்கூட நடக்க முடியாத ஊர்கள் உண்டு. சர்க்கார் உத்தியோகத்தின் கதவு மூடியே கிடந்தது.

டாக்டர் பல்பு என்பவரின் கதையைக் கேட்டால் நிலைமை புரியும். அவரும் ஈழவர். சென்னைக்கு வந்து வைத்தியப் படிப்புப் படித்துத் தேறினார். சொந்த ஊர் திரும்பி வேலை கேட்டார். கிடைக்கவில்லை. ஜாதிதான் காரணம். மைசூர் சமஸ்தானம் அவரைக் கூப்பிட்டு டாக்டர் வேலை கொடுத்தது. அவர் சும்மா இருக்கவில்லை. 1896-ம் ஆண்டில் 13,176 ஈழவர்களிடம் கையெழுத்து வாங்கி, எங்களுக்கும் பள்ளிக்கூடமும் உத்தியோகமும் வேண்டும் என்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு மனுப் போட்டார். குமாரனின் வாழ்க்கையில் இந்த டாக்டருக்கு ஒரு பங்கு உண்டு.

சின்னசாமி

குமாரன் சிறு வயதிலேயே வடமொழி படித்தார். கணக்கும் நன்றாக வந்தது. பதினாலு வயதில் பள்ளிக்கூட வாத்தியார் ஆகிவிட்டார்! பிறகு ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினார். கை கணக்கு எழுதியது. மனம் கவிதையில் இருந்தது. கடை வேலையை விட்டுவிட்டு மறுபடியும் படிக்கப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் நாராயண குருவின் கண்ணில் பட்டார்.

நாராயண குருவைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. தமிழிலும் பாடல்கள் எழுதிய துறவி அவர். 1888-ம் ஆண்டு, நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் என்ற இடத்தில், ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணர் மட்டுமே செய்யலாம் என்று இருந்த காரியத்தை ஓர் ஈழவர் செய்துவிட்டார் என்று நாடே பரபரப்பு அடைந்தது.

குரு ஒரு தடவை காயிக்கரைக்கு வந்தபோது, குமாரன் நோயில் படுத்திருந்தார். வாலிபனின் கவித் திறமையைக் குரு தெரிந்துகொண்டார். சிருங்காரப் பாட்டு எழுத வேண்டாம், அறிவை நல்ல வழியில் செலுத்து என்று புத்தி சொன்னார். குமாரன் அவரோடு போய்விட்டார். காவி கட்டாத சீடன். குருவைப் பெரியசாமியாக எண்ணிய ஜனங்கள், குமாரனைச் சின்னசாமி என்று அழைத்தார்கள்.

குருவுக்கு ஒரு யோசனை. இந்தப் பையன் தியானம் செய்துகொண்டு மூலையில் உட்கார்ந்தால் போதாது, உலகம் பார்க்க வேண்டும். 1895-ம் ஆண்டில் குமாரனைப் பெங்களூருக்கு அனுப்பினார். அங்கே ஆதரவு கொடுத்தவர்தான் டாக்டர் பல்பு. தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார். சில வருஷங்களில் பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. குமாரன் சென்னைக்கு வந்தார். பிறகு கல்கத்தாவுக்குப் போய் சமஸ்கிருதக் கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் படித்தார்.

கல்கத்தா அவர் கண்ணைத் திறந்தது. வங்காளத்தில் அப்போது புது இலக்கியம் பூத்துக் குலுங்கிய நேரம். இங்கிலீஷ் கற்றார். இங்கிலீஷ் கவிகளைப் படித்தார். கல்கத்தாவிலும் பிளேக் விடவில்லை! 1900-ம் ஆண்டில் குருவிடமே திரும்பி வந்தார்.

தண்ணீர் வழி

1903-ம் ஆண்டில் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் என்ற சங்கம் ஏற்பட்டது. குரு தலைவர். குமாரன் ஆசான் முதல் செயலாளர். ஆசான் என்றால் ஆசிரியர். அந்தப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய 16 வருஷம் சங்கத்தின் பாரத்தைச் சுமந்தார். 1904-ல் "விவேகோதயம்" என்ற பத்திரிகையையும் தொடங்கி நடத்தினார்.

சங்கம் என்றால் ஊர் ஊராகப் போக வேண்டும். அந்தக் காலத்தில் எப்படிப் போவது?

தமிழ்நாட்டிலிருந்து செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரெயில் வந்தது 1904-ம் ஆண்டில்தான். அது திருவனந்தபுரம் வரை நீண்டது 1918-ல். ஆனால் கொல்லத்திலிருந்து வடக்கே எர்ணாகுளம் போக ரெயில் இல்லை. அந்த இரண்டு ஊர்களும் தண்டவாளத்தால் இணைந்தது 1958-ம் ஆண்டில்! ஆசான் இருந்தவரையில் கொல்லத்துக்கு வடக்கே போக வசதியான வழி தண்ணீர் வழிதான். மாட்டு வண்டியில் போனால் இடுப்பு ஒடியும். படகில் போனால் தூங்கிக்கொண்டே போகலாம்.

தண்ணீர் வழியை இயற்கை பாதி செய்தது. மனிதர்கள் மீதியைச் செய்தார்கள். காயலுக்கும் காயலுக்கும் நடுவே நிலம் குறுக்கிட்ட இடங்களில் கால்வாய் வெட்டினார்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கால்வாய்க்குப் பார்வதி புத்தனாறு என்று பெயர். கௌரி பார்வதி பாய் என்ற ராணி ஆட்சி நடத்திய காலத்தில் வெட்டியது. வர்க்கலையில் குன்று வழிமறித்தது. அதைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள் அமைத்தார்கள். 1880-ம் ஆண்டளவில் அந்த வேலை முடிந்தது. படகுகள் குன்றின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்தன!

முன்னே ஓடியவை வள்ளங்கள். கெட்டுவள்ளம் என்ற பெரிய படகைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் துணி தைப்பது போலத் தைத்துவிடுவார்கள். முந்திரிக் கொட்டையின் தோல் எண்ணெயைப் பூசுவார்கள். தண்ணீர் உள்ளே வராது. மேலே மூங்கிலாலும் பாயாலும் வளைந்த கூரை. ஆட்கள் நீண்ட கழியைத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். நெல்லும் கொப்பரையும் கயிறும் இப்படித்தான் போயின. இன்று அதே கெட்டுவள்ளத்தில் கட்டில், மின்விசிறி, குளிர்பதனம் எல்லாம் வைத்து, உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 1990-களுக்குப் பிறகு வந்த மாறுதல் அது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் இயந்திரப் படகுகள் வந்தன. கொல்லத்தில் இரவில் ஏறினால், அஷ்டமுடிக் காயலைத் தாண்டி, நீண்டு கிடக்கும் காயங்குளம் காயலைத் தாண்டி, ஆற்று வளைவுகளில் நுழைந்து ஆலப்புழைக்குப் போய்ச் சேரலாம். ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இராத் தூக்கத்தோடு பயணமும் முடியும்.

உதிர்ந்த பூ

இவ்வளவு அலைச்சலிலும் ஆசான் கவிதையை விடவில்லை. 1907-ம் ஆண்டு பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ஜைனிமேடு என்ற இடத்தில் தங்கியிருந்தார். அங்கே ஒரு கவிதை எழுதினார். பெயர் "வீண பூவு". உதிர்ந்து விழுந்த பூ என்று அர்த்தம். அந்த ஆண்டு டிசம்பரில் "மிதவாதி" பத்திரிகையில் அது வெளிவந்தது.

விஷயம் மிகச் சிறியது. ஒரு பூ தரையில் கிடக்கிறது. அது மொட்டாக இருந்தது, மலர்ந்தது, வண்டுகள் சுற்றியது, காற்றில் ஆடியது, வாடியது, விழுந்தது. அவ்வளவுதான். 41 பாட்டுக்கள். ஆனால் படித்தவர்கள் கண் கலங்கினார்கள். ராஜாக்களையும் தேவர்களையும் பாடிப் பாடிப் பழகிய மலையாளக் கவிதை, கீழே கிடக்கும் ஒரு பூவைக் குனிந்து பார்த்தது புதுமை. அந்த ஒரே கவிதையால் ஆசான் நாடறிந்த கவிஞர் ஆனார்.

1911-ல் "நளினி". 1914-ல் "லீலா". 1919-ல் "சிந்தாவிஷ்டையாய சீதை". வால்மீகி ஆசிரமத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் சீதை, தன் வாழ்வை எண்ணிப் பார்க்கிறாள். ராமன் தனக்குச் செய்தது நியாயமா என்று மனதுக்குள் கேட்கிறாள். அந்த நாளில் சீதையை அப்படிப் பேசவைக்கத் துணிச்சல் வேண்டும்.

கவிஞர் பொது வாழ்விலும் வாய் மூடி இருக்கவில்லை. ஸ்ரீமூலம் பிரஜா சபையில் அவருக்கு இடம் கிடைத்தது. மகாராஜா நியமித்த சபை. அதிலே எழுந்து நின்று, எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேருங்கள், படித்தவர்களுக்கு உத்தியோகம் கொடுங்கள் என்று கேட்டார். கோபப்பட்டுப் பேசுவது அவர் சுபாவம் அல்ல. விவரங்களை அடுக்கிக் கேட்பார். சங்கத்துக்குள்ளேயே சிலருக்கு இவர் நிதானம் பிடிக்கவில்லை. இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்றார்கள். மேல் ஜாதிக்காரர்களுக்கோ இவர் கேட்டதே அதிகம் என்று பட்டது. இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்கிய மனிதர்.

சபையில் நிதானமாகப் பேசியவர், கவிதையில் நிதானம் பார்க்கவில்லை. 1922-ல் வந்த "துரவஸ்தை"யில் ஒரு நம்பூதிரிப் பெண், கலவரத்தில் குடும்பத்தை இழந்து ஓடிவருகிறாள். ஒரு புலையனின் குடிசை அவளுக்கு அடைக்கலம் தருகிறது. முடிவில் அவனையே கணவனாக ஏற்றுக்கொள்கிறாள். அதே வருஷம் வந்த "சண்டாலபிக்ஷுகி"யில், புத்தரின் சீடர் ஆனந்தர் தாகத்தோடு வந்து, தாழ்ந்த ஜாதிப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். நான் கொடுத்தால் நீங்கள் குடிக்கலாமா என்று அவள் பயப்படுகிறாள். தாகத்துக்கு ஜாதி ஏது என்கிறார் ஆனந்தர். கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூட உரிமை இல்லாத ஜனங்கள் வாழ்ந்த நாட்டில் இதை எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த 1922-ம் ஆண்டில்தான் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆசானுக்கு இளவரசர் கையால் பட்டும் வளையும் கிடைத்தன. பெரிய தெருவில் நடக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட ஜாதியில் பிறந்தவருக்கு, நாளைய சக்கரவர்த்தி பரிசு தருகிறார்! மகாகவி என்ற பட்டம் நிலைத்தது.

குடும்பமும் ஓட்டுத் தொழிலும்

சின்னசாமியாக இருந்தவர் சன்னியாசி ஆகவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கல்யாணம் செய்துகொண்டார். மனைவி பானுமதி அம்மாள். சுதாகரன், பிரபாகரன் என்று இரண்டு ஆண் குழந்தைகள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே தோன்னைக்கல் என்ற ஊரில் ஓர் எளிய வீடு.

குடும்பம் வந்தது. வருமானம் வேண்டாமா? கவிதை எழுதி எவன் சோறு தின்றான்? 1921-ம் ஆண்டில், ஆலுவாய்க்குப் பக்கத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். வீட்டுக் கூரைக்குப் போடும் சீமை ஓடு. கவிஞருக்கும் களிமண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆசான் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் என்பதை மறக்கக்கூடாது. தகப்பனாரும் வியாபாரி. தொழில் செய்யாத ஜாதி தலைநிமிராது என்பது குருவின் போதனையும்கூட.

வீடு தெற்கே தோன்னைக்கல்லில். தொழில் வடக்கே ஆலுவாயில். நடுவே இருந்தது காயல். ஆகவே ஆசானின் கடைசி வருஷங்களில் தண்ணீர் வழி அவருக்கு வீட்டு வாசல் தெரு போல ஆகிவிட்டது.

1923-ல் "கருணை" எழுதினார். மதுராபுரியில் வாசவதத்தை என்ற அழகி. பணத்தோடு வருபவர்கள் அவள் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். அவள் மனமோ உபகுப்தன் என்ற இளம் பிக்ஷுவிடம் போகிறது. தோழியை அனுப்பி அனுப்பி அழைக்கிறாள். இன்னும் நேரம் வரவில்லை என்று அவன் சொல்லி அனுப்புகிறான். பிறகு அவள் ஒரு கொலைக் குற்றத்தில் சிக்கி, கை கால்கள் வெட்டப்பட்டுச் சுடுகாட்டில் கிடக்கிறாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்போது உபகுப்தன் வருகிறான். நேரம் வந்துவிட்டது. அவன் பேச்சைக் கேட்டு அமைதியோடு அவள் கண்ணை மூடுகிறாள். பாட்டின் மெட்டு எளிது. இன்றும் மலையாள வீடுகளில் வாய்விட்டுப் படிக்கிறார்கள்.

அந்த இருட்டில்

திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோவிலில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை முறைஜபம் என்ற வேத பாராயணம் நடக்கும். 56 நாள். பல ஊர்களிலிருந்தும் நம்பூதிரிகளும் வைதிகர்களும் வருவார்கள். கடைசி நாள் லட்சதீபம். மகர சங்கராந்தியன்று கோவில் முழுவதும் விளக்கு மயமாக இருக்கும்.

1924-ம் ஆண்டு ஜனவரியில் அது முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். எல்லோருக்கும் வழி ஒன்றுதான். கொல்லம் படகுத் துறையில் ஒரே கூட்டம்!

ஆலுவாய்க்குப் புறப்பட்ட ஆசானும் அந்தத் துறைக்கு வந்தார். வடக்கே போகும் படகின் பெயர் "ரிடீமர்". இரட்சகர் என்று அர்த்தம். அந்தப் படகில் ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிவிட்டார்கள். ஆசானும் ஏறினார். கோவிலுக்குள் போய் ஜபம் முடித்து வந்தவர்களும், அந்தக் கோவில் வாசலைத் தாண்ட முடியாத ஆசானும் ஒரே படகில்!

படகு அஷ்டமுடியைக் கடந்தது. காயங்குளம் காயலைக் கடந்தது. பிரயாணிகள் தூங்கினார்கள். விடிய இன்னும் நேரம் இருந்தது. ஆலப்புழைக்குத் தெற்கே பல்லனை ஆறு. அங்கே தண்ணீர் வழி சட்டென்று வளைகிறது. பாரம் ஏறிய படகு அந்த வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிரவில்லை. கவிழ்ந்துவிட்டது.

அது கடல் அல்ல. புயல் இல்லை. கரை கூப்பிடு தூரம். இருட்டில் அலறல் கேட்டு ஊர் ஜனங்கள் ஓடிவந்தார்கள். பலரைக் காப்பாற்றினார்கள். 24 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் குமாரன் ஆசான்.

அவர் உடலைத் தேடி எடுத்து, அந்த ஆற்றங்கரையிலேயே அடக்கம் செய்தார்கள். தோன்னைக்கல் வீட்டில் இளம் மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

குருவுக்கு முன்னே சீடர் போய்விட்டார். நாராயண குரு அதன் பிறகு நாலு வருஷம் இருந்தார்.

ஆசான் இறந்து இரண்டரை மாதம் ஆவதற்குள், மார்ச் 30-ந் தேதி, வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோவிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்க வேண்டும் என்ற போராட்டம். அதை முன்னின்று கிளப்பிய டி. கே. மாதவன், ஆசான் செயலாளராக இருந்த அதே சங்கத்தைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. ராமசாமி போய்ச் சிறை புகுந்தார். 1936-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி திருவிதாங்கூர் மகாராஜா கோவில் கதவுகளையே எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார்.

பல்லனையில் அவரை அடக்கம் செய்த இடத்துக்குக் குமாரகோடி என்று பெயர். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. தோன்னைக்கல்லில் அவர் வாழ்ந்த வீட்டை 1958-ம் ஆண்டு முதல் நினைவு இல்லமாகக் காப்பாற்றி வருகிறார்கள். கொல்லத்திலிருந்து ஆலப்புழை வழியாக வடக்கே போகும் அந்தத் தண்ணீர் வழியை, 1993-ல் இந்திய அரசு தேசிய நீர்வழியாக அறிவித்தது. அந்த வழியே படகில் போகிறவர்கள் பல்லனை வளைவு வந்ததும் கரைப் பக்கம் கையை நீட்டிக் குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள்.